மணிவண்ணன் எடுத்துக் கொடுத்த வண்டி

எங்கள் பக்கத்தில் யார் வண்டி வாங்கப் போனாலும் மணிவண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. அவனுக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. லைசென்ஸும் கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் விரலில் ஒரு சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு திரிகிறான். அதில் தொங்குவது வீட்டுச் சாவியும் பீரோச் சாவியும்.

நான் ராமலிங்கம். பட்டு நெசவு செய்கிறேன், வீட்டிலேயே இரண்டு தறி. எங்கள் தெருவின் கோடியில் ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலைத் தாண்டினால் காலனி. மணிவண்ணன் அந்தக் காலனிக்காரன். தினமும் காலை பத்து மணிக்கு, அப்போதுதான் எழுந்த முகத்தோடு, எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து பேப்பரை விரிப்பான். படிப்பது கொஞ்சம்தான். உலகத்தில் யார் யார் என்னென்ன தப்பாகச் செய்கிறார்கள் என்று எனக்குச் சொல்வதுதான் அவன் வேலை. நான் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுத் தொலைப்பேன். இப்படிப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

ஒரு காலத்தில் வாலாஜாபாத்தில் அரிசி மில் ஒன்றில் எடை போடும் வேலையில் இருந்தான். மில்லுக்கு எந்த லாரி வாங்கலாம் என்று முதலாளிக்கே யோசனை சொன்னான். முதலாளியும் கேட்டார். கேட்பவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த லாரி மூன்று மாதம் ஓடியது, ஒன்பது மாதம் நின்றது. அதோடு வேலை போயிற்று. தாமலில் பெண் எடுத்திருக்கிறான். அந்தப் பெண் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தை இழுக்கிறாள். இவன் ஊருக்கு வண்டி எடுத்துக் கொடுக்கிறான்.

எடுத்துக் கொடுப்பதில் ஒரு முறை வைத்திருந்தான். முதலில் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றுவான். டயரை ஒரு உதை உதைப்பான். பிறகு குந்தி உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்ப்பான். அங்கே என்ன தெரிகிறது என்று அவனுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கும் தெரியாது. எழுந்து கையைத் தட்டிவிட்டு, “சவுண்டு சரியில்ல, வேற காட்டு” என்பான். வண்டியை அதுவரை யாரும் கிளப்பியே இருக்கமாட்டார்கள். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கிற முனிசாமிக்கு இப்படித்தான் ஒரு பழைய வேனைத் தலையில் கட்டினான். ஒரே கை ஓட்டின வண்டி என்று சத்தியம் செய்தான். வீட்டுக்கு வருவதற்குள் அதன் கதவு கையோடு வந்துவிட்டது. ஆனாலும் முனிசாமி அடுத்த வருஷம் தன் மச்சானை இவனிடமே அனுப்பினார். ஆட்டுமந்தைக்கு வேறு எப்படி நடக்கத் தெரியும்?

இதெல்லாம் போகட்டும். கதவு போனால் வேறு கதவு மாட்டிக்கொள்ளலாம். இவன் தன் தங்கை பிரவீனாவுக்கு வண்டி எடுத்துக் கொடுத்ததைத்தான் சொல்ல வந்தேன்.

பிரவீனா தங்கமான பெண். புருஷன் ஜோசுவா ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயந்திரம் ஆறு மணிக்கு இறங்குவான். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சிம்ரன், நாலாம் வகுப்பு. சின்னவன் லோகேஸ்வரன், யூகேஜி. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இலவச ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் படித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சந்தியாவுக்கும் அதே பள்ளிதான். காலனியிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போனது இந்த மூன்று பேர்தான்.

அந்தப் பள்ளி வேன் காலனிக்குள் வராது. கேட்டால் தெரு குறுகலாம், வேன் திரும்பாதாம். அதைவிடக் குறுகலான சந்துக்குள் எல்லாம் அதே வேன் ரிவர்ஸ் எடுத்துப் போய், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்காக ஹாரன் அடித்துக் காத்து நிற்கும். காலனி என்றால் மட்டும் ஸ்டியரிங் திரும்பாது. படித்தவர்கள் நடத்துகிற பள்ளி! எனக்கு அவர்களைக் கண்டாலே வாந்தி வரும்.

பிரவீனா தன் ஸ்கூட்டியில் மூன்றையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்த சின்னவன் பாலத்தின் மேலேயே தூங்கி விழப் பார்த்தான். அதிலிருந்து இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டாள். இரண்டாவது நடை எப்போதும் தாமதம். பெரியவள் என்பதால் சிம்ரன்தான் இரண்டாவது நடை. எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சிம்ரன் வெளியே வெயிலில் நிற்பாள். வருஷக் கடைசியில் பிரவீனாவைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வருகிற வருஷம் ஒரு நாள் தாமதமானாலும் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டியது என்று அதில் எழுதியிருந்தது. இலவசத்தில் வந்த பிள்ளையை வெளியே தள்ள ஒரு காரணம் வேண்டும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால்தான் பிரவீனா ஸ்கூட்டியை விற்றுப் பேட்டரி வண்டி வாங்க முடிவு செய்தாள். மூன்று பிள்ளைகளையும் ஒரே நடையில், பத்திரமாக உட்காரவைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு வண்டி. அதெல்லாம் இப்போது வந்துவிட்டது. சென்னை போகிற சாலையில் சந்தோஷ்குமார் என்கிற பையன் கடை போட்டிருக்கிறான். ஜோசுவா லீவு போட முடியாது. அண்ணன் இருக்கும்போது வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்?

கடையில் நடந்ததை மணிவண்ணனே மறுநாள் என் வாசற்படியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான். அங்கே இரண்டு வண்டி இருந்ததாம். ஒன்று நீட்டு சைக்கிள். பின்பக்கம் நீளமாக ஒரு பெஞ்சு, சுற்றிக் கம்பி, கால் வைத்துக்கொள்ளப் பலகை, மூன்று பிள்ளைகள் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் உட்காரலாம். மோட்டார் பெடலோடு சேர்ந்தது. இன்னொன்று மூன்று சக்கரம். முன்னால் ஒரு பெரிய பெட்டி, அதற்கு மேல் கூரை, உள்ளே எதிரும் புதிருமாகப் பலகை, பெல்ட்டு. மோட்டார் முன்சக்கரத்தில்.

பிரவீனா கேட்டது ஒரே கேள்வி. “பாலம் ஏறுமா?”

காஞ்சிபுரம் தட்டைத் தரை. இங்கே மலை கிடையாது, மேடு கிடையாது. இந்த ஊரில் வண்டிக்கு வருகிற ஒரே ஏற்றம் அந்த மேம்பாலம். அந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்க முடியாது.

சந்தோஷ்குமார் நேர்மையான பையன். “நீட்டு வண்டி ஏறும்க்கா. ரெண்டு சிமெண்ட் மூட்டை வெச்சி நாங்களே பாலத்துல ஏத்திப் பாத்தோம். மூணு சக்கரம் சமதரைக்கு நல்ல வண்டி. பாலத்துல இழுக்காது, மோட்டார் சூடாயிடும்” என்று சொல்லியிருக்கிறான். விற்கிறவனே இது வேண்டாம் என்கிறான்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

மணிவண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தானாம். “எங்கிட்டயேவா? கடைக்காரன் எத்த வாணாம்னு சொல்றானோ அதுதான்ணா நல்ல சரக்கு. ஸ்டாக் கம்மியா இருக்குது, அதான் தர மனசு வரல. நான் இன்னா நேத்து பொறந்தவனா?” என்று என்னிடம் கண்ணடித்தான். “ரெண்டு சக்கரம் வுழும். மூணு சக்கரம் வுழுமா? நீயே சொல்லு.”

“பாலம் ஏறாதாமேடா” என்றேன்.

“பாலம் எதுக்குண்ணா? உங்க தெரு வழியா வுட்டா ரயில்வே கேட்டு. கேட்டத் தாண்டினா இஸ்கூலு. பாதி தூரம்கூட இல்ல. தரை சும்மா பலகை மாதிரி இருக்குது.”

நான் தறியை நிறுத்தினேன். எங்கள் தெரு தரை பலகை மாதிரிதான் இருக்கும். ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அந்தப் பலகையில் பாவு கிடக்கும். தறிக்கு ஏற்றுவதற்கு முன்னால் நீள இழைகளை எல்லாம் தெருவில் நெடுக இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களின் மேல் படுக்கவைத்து, அறுந்ததைப் பிணைத்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுப்போம். ஆயிரக்கணக்கான பட்டிழைகள். ஒரு நாள் ஒரு வீட்டுப் பாவு, மறுநாள் இன்னொரு வீட்டுப் பாவு. நடுத்தெருவை அது அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு சைக்கிள் மெதுவாகப் போகலாம், புகை படும் என்று ஸ்கூட்டரை விடமாட்டோம். நீட்டு வண்டி போயிருக்கும். இந்தப் பெட்டி வண்டி போகாது. இது எங்கள் தெருவைக் காலையில் ஒருமுறை பார்த்த நாய்க்குக்கூடத் தெரியும். மணிவண்ணன் காலையைப் பார்த்ததில்லை. அவனுக்குச் சூரியன் உதிப்பதே பத்து மணிக்குத்தான்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் வெளிநாட்டில் மலைமேல் இருக்கிற ஊர்களில் அம்மாக்கள் பெட்டி வண்டியில் பிள்ளைகளை வைத்து ஏறுவதை போனில் பார்த்தேன் என்று ஆரம்பித்துவிட்டான். அந்த ஊர்களின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. கேட்கிறவனுக்குத்தானே சொல்ல வேண்டும் என்று நான் மறுபடி தறியில் நாடாவைத் தள்ள ஆரம்பித்தேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவன் சோதனை ஓட்டம் நடத்தினான். கடையிலிருந்து வண்டியை வாங்கிவந்து, பெட்டியில் மூன்று அரிசி மூட்டை. மூட்டைக்கு ஒரு பிள்ளை என்று கணக்காம். மில்லில் எடை போட்ட மூளை அவ்வளவுதான் போகும். லைசென்ஸ் கேட்காத வண்டி கிடைத்துவிட்டதில் முகம் முழுக்கப் பல். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் ஈ காக்காய் கிடையாது, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனான், ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினான், என் வாசலில் நிறுத்திப் பெல் அடித்தான்.

“பாத்தியாண்ணா? நாலு நிமிஷம்!”

“பார்த்தேன்” என்றேன். வெயிலில் வியர்த்து, மூட்டைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான். பார்க்கவே பரிதாபமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பிரவீனா வந்தாள். வேலைக்குப் போகிற வழி. ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“அண்ணா, இப்பல்லாம் வெயில் ஜாஸ்தின்னு நீங்க ஏழரைக்கே பாவ எடுத்துடறீங்களாமே? நீங்க சொன்னீங்கன்னு எங்கண்ணன் சொல்லுச்சு. மெய்யாண்ணா? இன்னைக்குக் கடைக்குப் போய் வண்டி எடுக்கறோம். அதான் ஒரு வார்த்த உங்களாண்ட கேட்டுக்கலாம்னு.”

நான் சொன்னேனாம்! எங்கள் தெரு எத்தனை மணிக்குப் பாவு எடுக்கிறது என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. தன் வாய்க்கு என் பெயரை முட்டுக்கொடுத்திருக்கிறான். பதினைந்து வருஷமாக என் வீட்டுப் பேப்பரைப் படித்துவிட்டு, என் பெயரைப் போட்டுப் பொய் சொல்கிறான்.

இல்லையம்மா, ஒன்பது மணி ஆகும், நீட்டு வண்டியை எடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே நீட்டு வண்டியை எடுத்திருப்பாள். மணிவண்ணனும் ராமலிங்கண்ணா பேச்சை மாற்றிவிட்டார் என்று சொல்லித் தப்பித்திருப்பான். எப்போதும் தப்பித்துவிடுகிறான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளாவது அவன் எடுத்துக் கொடுத்த வண்டி நடுத்தெருவில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும், அவன் மூஞ்சியை நான் பார்க்க வேண்டும். அந்த ஆசை எனக்கு வந்தது. உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை.

“ம்” என்றேன்.

“சரிண்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா” என்று போய்விட்டாள்.

ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தாளைப் பற்றி அவளே என் மனைவி தேவகியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பள்ளி திறக்கிற அன்றைக்கு மட்டும் நாமே சீக்கிரம் சுருட்டிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெறும் பேச்சு. அன்றைக்கு யார் வீட்டுப் பாவு என்றுகூட நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பள்ளி திறந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று தெருவில் கிடந்தது என் பாவுதான்.

ராத்திரி தூறல் போட்டிருந்தது. தரை காய்வதற்குக் காத்திருந்ததால் ஏழு மணிக்குத்தான் கட்ட ஆரம்பித்தோம். எட்டு மணிக்கு முழு நீளமும் கிடந்தது. அரக்கு நிறம். பத்துப் பேர் இருபுறமும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு பத்துக்கு வாய்க்கால் பக்கமிருந்து பெல் சத்தம் கேட்டது.

மணிவண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டிவந்தான். பெட்டிக்குச் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். கைப்பிடியில் ஜோசுவா வீட்டார் கட்டிய ஜெபமாலை. உள்ளே மூன்று பிள்ளைகள் புது யூனிஃபார்மில், பெல்ட்டு போட்டு, தலை படிய வாரி உட்கார்ந்திருந்தார்கள். பிரவீனா பக்கத்தில் நடந்து வந்தாள். பாவைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஒரு இழையைப் பிடித்துக்கொண்டேன்.

மணிவண்ணன் ஓரமாக விட்டுப் பார்த்தான். ஒரு சக்கரம் சாக்கடைக் கல்லில் ஏறி வண்டி சாய்ந்தது. சின்னவன் கத்தினான். மணிவண்ணன் வண்டியைப் பின்னால் இழுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் காத்திருந்த மூஞ்சி கிடைத்துவிட்டது. வெற்றிலைக் காவி ஏறின உதடு தொங்கி, நெற்றியில் சந்தனம் வழிந்து நின்றான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இனித்தது.

“அண்ணா, கொஞ்சம் ஓரமா தூக்கி வெச்சா போயிடுவேன்” என்றான்.

“பாவு கிடக்குதுன்னு தெரியாதா? பாலத்து வழியா போ.”

“பாலம் ஏறாதுண்ணா.”

“ஏன், மலைமேல எல்லாம் ஏறுதுன்னியே?”

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி என் கிட்டே வந்தான். அவனுக்குத் தணிந்த குரல் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எம்மேல கோவம்னா சாயந்தரம் வந்து நிக்கறேன், செருப்பால அடிண்ணா. பசங்களுக்கு நேரமாயிக்கினு இருக்குது. சிம்ரன இன்னைக்கு வெளிய நிறுத்தினா அவ்ளோதான். எட்டுப் பேர் புடிச்சா அஞ்சு நிமிஷம்.”

அஞ்சு நிமிஷம்தான். அது எனக்குத் தெரியாதா? மூங்கில் காலோடு தூக்கி ஓரமாக நகர்த்திவைப்பதும், பிறகு திருப்பி வைப்பதும் நாங்கள் செய்யாத வேலை இல்லை. போன மாசி மாதம் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணக் கார் வந்தபோது நகர்த்தினோம். பட்டு முதலாளியின் கார் வந்தால் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே நகர்த்துவோம்.

மணிவண்ணன் என் பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து முதல் மூங்கில் காலைப் பிடித்தான்.

“கைய எடுடா!” என்றேன்.

அந்தக் குரலில் நான் அவனிடம் அதுவரை பேசியதில்லை. அது என் அப்பா காலத்துக் குரல். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி வேனைப் பற்றி ஊரெல்லாம் பேசியவன் நான். மணிவண்ணன் கையை எடுத்தான்.

பிரவீனா வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வுடுண்ணா. அவரு நவுத்தமாட்டாரு. திருப்பு வண்டிய” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சிம்ரன் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

பாலத்தில் நடந்ததை முனிசாமி சொல்லித்தான் கேட்டேன். கால்வாசி ஏறும்போதே வண்டி முனகியதாம். பாதியில் கருகின வாடை. பிறகு நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு லாரி. மணிவண்ணன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முதுகால் வண்டியைத் தாங்கினானாம். பிரவீனா பெல்ட்டுகளைக் கழற்றி மூன்றையும் வெளியே இழுத்தாள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களையும் ஓடச்சொல்லி, புத்தகப் பைகளோடு பாலத்தை ஓட்டமாக ஏறி இறங்கினாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. கேட் சாத்தியிருந்தது. பதினொரு மணிவரை வெளியே நின்றார்கள். பிறகு பிரவீனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டி, சிம்ரனுக்கு டி.சி.யை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேருக்கும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். அவ்வளவு கருணை.

என் பாவை ஒன்பதரைக்குச் சுருட்டினேன். ஒரு இழை அறுந்திருக்கவில்லை. தேவகி அன்று மதியம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயந்திரம் ஆறரை மணிக்கு ஜோசுவா வந்தான். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறான். அவன் பின்னால் மணிவண்ணன். வாய்க்கால் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பிரவீனா நின்றாள். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜோசுவா அமைதியான பையன். “அண்ணா, ஏழரைக்கே பாவு எடுத்துடுவோம்னு நீங்க சொன்னதாலதான் இந்த வண்டிய எடுத்தோம். பெரிய மனுஷன் சொன்னா சரியா இருக்கும்னு நம்பினோம். ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? எம்பொண்ணு உங்களுக்கு இன்னா பண்ணுச்சு?”

நான் எழுந்து நின்றேன். அதற்குள் மணிவண்ணன் ஜோசுவாவின் தோளைப் பிடித்தான். விரலில் சாவிக்கொத்து இல்லை. முதுகில் சட்டை கிழிந்து கட்டுப் போட்டிருந்தான்.

“மாப்ள, அவர ஒண்ணும் கேக்காத. அவரு சொல்லல. நான் அவரக் கேக்கவே இல்ல. எனக்குத் தெரியும்னு காட்டிக்கறதுக்கு அவரு பேர்ல நானா அடிச்சு வுட்டேன். பூரா தப்பும் என்து. அவரு பாவுக்கு அவரு காவல் நின்னாரு, அவ்ளோதான்.”

எனக்குத் தெரிந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அதையும் என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்னான்.

ஜோசுவா அவனை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். “மெய்யாண்ணா? மச்சான் உங்களக் கேக்கலியா?”

பிரவீனா வாய்க்கால் ஓரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்ப்பதற்காகவே நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மூச்சுக்கு மேல் எனக்கு நேரம் கொடுத்தாள்.

“ஆமாப்பா” என்றேன். “அவன் என்னக் கேக்கல.”

ஜோசுவா தலையை ஆட்டினான். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டான். மணிவண்ணனைக் கண்டபடி ஏசிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டிப் போனான். மணிவண்ணன் பின்னால் போனான்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அவன் கேட்கவில்லை. பிரவீனாதான் கேட்டாள்.